வானம் பார்த்த வேதம்

மதீனாவில் அன்று காலை, வெயில் ஏறவேண்டிய நேரத்தில் வெளிச்சம் குறைந்தது. நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் இறந்த நாள். ஒன்றரை வயதுப் பிள்ளை. முதல் மனைவி கதீஜா நாயகியார் பெற்ற ஆண் மக்களை எப்போதோ மண்ணுக்குக் கொடுத்துவிட்ட தகப்பனுக்கு அறுபது வயதில் வாய்த்த மகன். சூரியன் தேய்ந்து பகல் மங்கியதும் ஊரார் பேசிக்கொண்டார்கள்: நபியின் வீட்டுத் துக்கம் வானத்துக்கே பொறுக்கவில்லை.

அந்தப் பேச்சை நபிகள் அப்படியே விட்டிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் மக்களைத் திரட்டி நீண்ட தொழுகை ஒன்று தொழுதார்கள். தொழுகையின் ஒவ்வொரு சுற்றிலும் (ரக்அத்) இரண்டு முறை குனிதல் (ருகூஃ). தொழுது முடித்துவிட்டுச் சொன்னார்கள்: சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை. மகனைப் பறிகொடுத்த அன்றைக்கே, தமக்குச் சாதகமாக எழுந்த ஓர் அற்புதக் கதையைத் தாமே தட்டிவிட்டார்கள். ஹதீஸ் நூல்களில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அந்தக் கிரகணம் 632ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று நிகழ்ந்தது என்று இன்றைய வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டிருக்கிறார்கள். அது ஒரு வளைய சூரிய கிரகணம். மதீனாவில் சூரியனின் பெரும்பகுதி மறைந்திருக்கிறது.

2019 டிசம்பர் 26 அன்று இன்னொரு வளைய கிரகணம் அரேபியாவில் விடிந்து, கடல் தாண்டி, காசர்கோட்டில் கரையேறி, ஊட்டி, கோவை வழியாக எங்கள் திண்டுக்கல்லுக்கும் வந்தது. காலை ஒன்பதரை மணி அளவில் மொட்டை மாடியில் நின்றோம். அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு வெள்ளைத்தாளில் சூரியனை விழவைத்திருந்தான் பக்கத்து வீட்டுப் பையன். தாளில் மோதிரம் போல ஒரு சின்ன வளையம். கிரகணத் தொழுகை எத்தனை மணிக்கு என்று பள்ளிவாசலில் முந்தின நாளே அறிவித்துவிட்டார்கள். வானியலார் கணித்த நேரத்தை நம்பித்தான் அந்த அறிவிப்பு. அது அவ்வளவு இயல்பாக நடந்தது. யாரும் அதை ஒரு செய்தியாகக்கூட நினைக்கவில்லை.

அதே காலையில் என் கைப்பேசியில் செய்திகள் வந்து குவிந்தன. இந்தக் கிரகணத்தையும் 1400 ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆன் சொல்லிவிட்டது. விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடித்தது. கிரகணத்தை முன்கூட்டிக் கணிக்கும் வித்தை பாபிலோனியருக்கு நபிகள் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே தெரியும் என்பது அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் பொய் சொல்ல நினைத்தவர்கள் அல்லர். வேதத்தின் மேல் உள்ள பிரியத்தில் அனுப்பினார்கள். ஆனால் மகன் இறந்த நாளில் நபிகள் தட்டிவிட்டதையே நாம் தேடித்தேடிக் கட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அன்று மாடியில் நின்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் விடவில்லை.

இந்த இரண்டு கிரகணங்களுக்கும் நடுவே ஒரு பெரிய திசைமாற்றம் நடந்திருக்கிறது. அன்று வசனம் ஓதியவர்கள் எழுந்துபோய் வானத்தைப் பார்த்தார்கள். இன்று வேறு யாரோ வானத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு, அது நம் வசனத்தில் இருக்கிறதா என்று தேடுகிறோம்.

வானத்தைப் பார்க்கவேண்டிய தேவை மார்க்கத்திலேயே இருந்தது. ஐவேளைத் தொழுகைக்குச் சூரியன், நோன்புக்குப் பிறை, எங்கிருந்தாலும் மக்காவின் திசை. இதில் ஒன்றையும் வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. பிற்பகல் தொழுகையான அஸரின் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிவேளை நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானால் அஸர் என்பது ஷாஃபி மத்ஹபு என்னும் சட்டப்பிரிவின் கணக்கு. இரண்டு மடங்கானால்தான் என்பது எங்கள் ஹனஃபி வழக்கு. கீழக்கரைக்குச் சம்பந்தம் போன என் அத்தை, அங்கே அஸர் பாங்கு சீக்கிரமே சொல்லிவிடுகிறார்கள் என்று வியப்பாகச் சொல்வார். சூரியன் ஒன்று, நிழலின் கணக்கு இரண்டு. இப்படியொரு கணக்கை ஊர்தோறும், பருவந்தோறும் போட்டாக வேண்டிய சமுதாயத்தில் வானியல் வளராமல் எப்படி இருக்கும்?

கஸ்னி நகரத்திலிருந்து கிப்லா, அதாவது மக்கா, எந்தத் திசை என்று துல்லியமாகக் காண்பதற்காக, ஊர்களின் இருப்பிடத்தை அளக்கும் ஒரு முழு நூலை வானியல் அறிஞர் அல் பிரூனி எழுதினார். 1025ஆம் ஆண்டு வாக்கில் அது முடிந்தது. இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டை மலையில் ஏறி, மலையின் உயரத்தை அளந்து, உச்சியிலிருந்து பார்க்கும்போது தொடுவானம் எவ்வளவு கோணம் தாழ்கிறது என்று பிடித்து, அதைக்கொண்டு பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டவரும் அவர்தான். தொழுகைக்குத் திசை தேடிப் போனவர் பூமியின் அளவோடு திரும்பினார்.

டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலுக்கு வாருங்கள். பெரிய பள்ளிவாசல்களில் முவக்கித் என்றொரு பதவி இருந்தது. தொழுகை நேரத்தைக் கணித்துச் சொல்லும் வானியலாளர், பள்ளிவாசலின் சம்பளக்காரர். அந்தப் பதவியில் 14ஆம் நூற்றாண்டில் இருந்தவர் இப்னு அல் ஷாத்திர். 1371இல் அவர் செய்த பளிங்குச் சூரியக் கடிகாரம், ஏறக்குறைய ஆள் நீளம், மினாராவில் வைக்கப்பட்டது. சூரியன் எங்கே நிற்கிறது என்பதோடு, எந்தத் தொழுகைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்பதையும் அதில் படிக்கலாம். இப்போது மினாராவில் இருப்பது 19ஆம் நூற்றாண்டில் செய்த நகல்.

அவர் செய்த இன்னொரு வேலை அதைவிடப் பெரியது. தாலமியின் வானியல் மாதிரிகளில் உள்ள முரண்களைக் களைந்து, சந்திரனுக்கும் கோள்களுக்கும் புதிய மாதிரிகளை அமைத்தார். 1543இல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்ட நூலில் உள்ள சந்திர மாதிரியும் இவருடையதும் கணிதத்தில் ஒன்றே என்பதை 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஐந்து வேளையும் வேதம் ஓதும் இடத்தில் சம்பளம் வாங்கியவர் அவர். ஆனால் அந்த மாதிரியை அவர் வேதத்திலிருந்து எடுக்கவில்லை. அவருடைய வாதம் முழுவதும் கணிதமும் கண்காணிப்பும்தான். வேதம் அவரை வானத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. மீதியை அவர் கண்ணும் கணக்கும் பார்த்துக்கொண்டன.

அக்காலத்தில் எல்லாரும் ஒரே கருத்தில் இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். உரையாசிரியர் பஃக்ருத்தீன் ராஸி தம்முடைய பெரிய தஃப்ஸீரில் வானியலைப் பக்கம் பக்கமாக எழுதினார். இது என்ன, வேத உரையில் இவ்வளவு நட்சத்திரக் கணக்கு என்று குறை சொன்னவர்களுக்கு அங்கேயே பதிலும் சொன்னார். வானத்தைச் சிந்திக்கச் சொன்ன வேதத்துக்கு உரை எழுதும்போது வானத்தைப் பற்றிப் பேசாமல் எப்படி என்பது அவர் பக்கம். ஸ்பெயினில் கிரானடாவைச் சேர்ந்த ஷாத்திபி, 1388இல் மறைந்தவர், நேர் எதிர்ப்பக்கம். எழுதப்படிக்கத் தெரியாத மக்களுக்கு விளங்கும்படி அருளப்பட்டது குர்ஆன். எல்லாக் கலைகளும் அதற்குள் இருக்கின்றன என்று இழுப்பவர்கள் எல்லை தாண்டுகிறார்கள் என்றார். இமாம் கஸ்ஸாலியோ தத்துவவாதிகளைக் கடுமையாகத் தாக்கிய நூலிலேயே ஒரு கோடு போட்டு வைத்தார். கிரகணம் எப்படி நிகழ்கிறது என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட விஷயம். அதை மறுப்பதுதான் மார்க்கத்தைக் காப்பது என்று நினைப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார். சொன்னது 11ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாக்தாதில்.

இவர்கள் சண்டை போட்டார்கள். ஆனால் அந்தச் சண்டையில் பயம் இல்லை. அறிவியல் அவர்கள் வீட்டுப் பொருளாக இருந்தது.

பயம் வந்தது எப்போது? 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினான். படையோடு அறிஞர்களையும் அழைத்துவந்து கெய்ரோவில் ஒரு கழகம் அமைத்தான். அதைப் போய்ப் பார்த்த அல் ஜபர்த்தி என்ற ஆலிம், அங்கே நடந்த ரசாயனச் சோதனைகளையும் மின்பொறியையும் பற்றித் தம் வரலாற்றுக் குறிப்பில் எழுதினார். எம்போன்றோர் அறிவுக்கு எட்டாதவை என்று வியந்தார். பிரூனியின் வாரிசு இன்னொருவர் வீட்டு வாசலில் நின்று எட்டிப்பார்க்கும் காட்சி அது. அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டில் பீரங்கியும் நீராவிக் கப்பலும் தந்தியும் ஆட்சியும் ஐரோப்பியர் கையில். நம் கையில் மிஞ்சியது வேதம். தோற்றவர்கள் தங்களிடம் மிஞ்சிய ஒரே செல்வத்தைத் திறந்து, இதற்குள் எல்லாமும் இருந்தது என்று சொல்லத் தொடங்கியது அங்கிருந்துதான். அதை ஏளனமாகப் பார்க்க எனக்கு மனம் வராது.

அந்தக் காலத்து வாசிப்புகளில் சில இன்று படிக்கும்போது மனதைப் பிசைகின்றன. அலெப்போவில் பிறந்த அல் கவாகிபி, 1902இல் மறைந்த சீர்திருத்தவாதி, நிழலைப் பற்றிய ஒரு வசனத்தில் புகைப்படக் கலையைக் கண்டார். வானங்களும் பூமியும் இணைந்திருந்து பிரிக்கப்பட்டன என்னும் வசனத்தில், சூரியக் குடும்பத்திலிருந்து பூமி பிரிந்த கதையைக் கண்டார். அன்றைய விஞ்ஞானம் அது. அதே வசனத்தை இன்று பெருவெடிப்பு என்கிறோம். ஓதும் எழுத்து மாறவில்லை. பக்கத்தில் வைக்கும் பாடப்புத்தகம் மாறிவிட்டது. நாளைக்கு அந்தப் பாடம் திருத்தப்பட்டால்?

யானைப்படையின் சூராவை எடுத்துக்கொள்வோம். மதரஸாவில் ஓதிய எந்தப் பிள்ளைக்கும் மனப்பாடம். கஃபாவை இடிக்க வந்த அப்ரஹாவின் படைமேல் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து கல்லெறிந்த கதை. கெய்ரோவின் சீர்திருத்தவாதி முஹம்மத் அப்துஹு அந்தப் பறவைகள் நோய்க்கிருமி சுமந்த ஈயாகவோ கொசுவாகவோ இருக்கலாம் என்று எழுதினார். லூயி பாஸ்டரும் ராபர்ட் கோக்கும் கிருமிகளைக் கண்டு உலகமே அதைப் பேசிய காலம். அவர் நோக்கம் நல்ல நோக்கம்; படித்த இளைஞன் வேதத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்ற தவிப்பு. ஆனால் எனக்கு எங்கள் மதரஸா ஆசிரியர் ஹஜ்ரத் கையை விரித்துச் சிறகடித்துக் காட்டிய பறவைகள் போதும். அவற்றைக் கொசுவாக்கினால் கதை உண்மையாவதில்லை, சிறியதாகிறது.

இவர்களில் தந்தாவி ஜவ்ஹரியை மட்டும் தனியாக நிறுத்தவேண்டும். 1940இல் மறைந்த எகிப்திய ஆசிரியர். 26 பாகங்களில் ஒரு தஃப்ஸீர் எழுதினார். உரைக்கு நடுவே விலங்குகளின் படம், தாவரங்களின் படம், அட்டவணை. சவூதியில் அதற்குத் தடை விதித்தார்கள். அவருடைய வாதத்தில் ஒரு கூர்மை உண்டு: சட்டத்தைப் பற்றிய வசனங்கள் சுமார் 150, இயற்கையைப் பற்றியவை 750, அந்தச் சொற்பத்துக்கு ஆயிரமாயிரம் நூல் எழுதிய நம் ஆலிம்கள், பெரும்பகுதியை ஏன் தொடவே இல்லை? அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. எண்ணிக்கையைத் தள்ளிவிட்டாலும் கேள்வி நிற்கும். அவர் முஸ்லிம்களைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப நினைத்தார். பின்னால் வந்தவர்கள் சோதனைக்கூடத்திலிருந்து சான்றிதழ் வாங்கிவர நினைத்தார்கள்.

அந்தச் சான்றிதழ் 1976இல் வந்தது. மாரிஸ் புகாய் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவிலியத்தையும் குர்ஆனையும் நவீன அறிவியலோடு ஒப்பிட்டு எழுதிய நூல் பல மொழிகளுக்குப் போனது. 1983இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் கீத் மூரின் கருவியல் பாடநூல், ஏமன் அறிஞர் ஜிந்தானியின் இஸ்லாமியச் சேர்க்கைகளோடு தனிப் பதிப்பாக வந்தது. எண்ணெய்ப் பணம் இருந்த காலம், மாநாடுகள் நடந்தன. அங்கிருந்து துபாய்க்குப் பிழைக்கப் போன சபராளிகளின் பெட்டியில் கேசட்டாகவும் பிறகு சிடியாகவும் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. நோன்பு மாதத்துப் பயான் சொற்பொழிவுகளில் மூர் என்ற பெயரைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். வெள்ளைக்காரப் பேராசிரியரே ஒப்புக்கொண்டார் என்னும்போது கூட்டத்தில் எழும் அந்தச் சலசலப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவரே ஒப்புக்கொண்டார் என்பதில் நம் காயம் முழுவதும் இருக்கிறது.

மூர் பேசியது அலக் என்ற சொல்லைப் பற்றி. ஹிரா குகையில் முதன்முதலாக இறங்கிய வசனங்களில், மனிதன் எதிலிருந்து படைக்கப்பட்டான் என்று சொல்லுமிடத்தில் அந்தச் சொல் வருகிறது. அரபியில் அதன் வேருக்கு ஒட்டுதல், தொங்குதல் என்று பொருள். அட்டைப் பூச்சிக்கும் அதே பெயர். கிரேக்கரான கேலனின் மருத்துவம் புழங்கிய காலத்து உரையாசிரியர்களுக்கு உறைந்த இரத்தம் என்ற பொருளே இயல்பாகப் பட்டது. மூரும் ஜிந்தானியும் நான்காவது வாரக் கருவின் படத்தையும் அட்டையின் படத்தையும் அருகருகே வைத்தார்கள்.

நம் தமிழில் இந்த ஒரு சொல் பட்ட பாட்டை மட்டுமே வைத்து அரைநூற்றாண்டு வரலாற்றை எழுதலாம். என் அத்தாவின் அலமாரியில் இருந்த பழைய மொழிபெயர்ப்பில் அது இரத்தக்கட்டி. பின்னால் வந்த ஒன்றில் அலக் என்றே விட்டிருந்தார்கள். அதற்கும் பின்னால் வந்த ஒன்றில் கருவுற்ற சினைமுட்டை. மூன்றையும் மேசைமேல் விரித்துவைத்து நான் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒட்டிக்கொண்டிருப்பது என்ற வேர்ப்பொருளுக்குத் திரும்புவது நேர்மையான திருத்தம்; அதை வரவேற்கிறேன். ஆனால் சினைமுட்டை என்பது சொல்லின் பொருள் அல்ல, நம் பத்தாம் வகுப்புப் பாடம். பாலூட்டிகளின் சினைமுட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டது 1827இல். அதை எடுத்து மக்காவில் நின்று கேட்டவர்களின் காதுக்குள் வைக்கிறோம். அந்த வசனங்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். ஒட்டிக்கிடந்த ஏதோ ஒன்றிலிருந்து படைத்தான் என்று சொன்ன கையோடு, ஓதுதலுக்கும் எழுதுகோலுக்கும் போய்விடுகின்றன. அறியாதவற்றையெல்லாம் எழுதுகோலால் கற்றுக்கொள்ளப்போகிற உயிர் இது என்கின்றன. நாம் எழுதுகோலை விட்டுவிட்டுக் கருவின் படத்தில் நின்றுவிட்டோம்.

பொருத்தம் தேடும் பசி ஒருமுறை வந்துவிட்டால் அது வதந்தியையும் தின்னும். நிலவில் நீல் ஆம்ஸ்ட்ராங் பாங்கு ஒலி கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதையைச் சொல்லாத ஊர் இல்லை. அவர் மறுத்தார், 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் தூதரகங்களுக்கு அந்த மறுப்பை அனுப்பவேண்டி வந்தது. இரு கடல்களுக்கு நடுவே குர்ஆன் சொல்லும் தடுப்பைக் கண்டு கடல் ஆய்வாளர் கூஸ்டோ முஸ்லிமானார் என்ற கதையை 1991இல் அவர் நிறுவனம் மறுத்தது. இரண்டு கதைகளையும் நான் பள்ளிக்கூடத்தில் நண்பர்களிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். கல்லூரியில் ஒருநாள் உண்மை தெரிந்தபோது ஏற்பட்ட வெட்கத்தை மறக்கமுடியாது. என்னோடு படித்த ஒருவன் அந்த வெட்கத்தோடு தொழுகையையும் விட்டுவிட்டான். பொய்த் தூணில் சாய்த்து நிறுத்திய நம்பிக்கை, தூண் சாயும்போது தானும் சாய்கிறது. அவனை நினைத்தால் எனக்கு யார்மேலோ கோபம் வருகிறது.

காற்று இப்போது கொஞ்சம் திரும்புகிறது. ஷார்ஜாவில் பேராசிரியராக இருக்கும் அல்ஜீரிய வானியற்பியலாளர் நிதால் கஸ்ஸூம், இந்த அறிவியல் அற்புத வாதத்தை 2011இல் ஒரு நூலில் விரிவாக விமரிசித்தார். ஒரு காலத்தில் அதே வாதத்தை மேடைமேடையாகப் பேசிய பிரிட்டன் பிரசாரகர் ஹம்ஸா ஸோர்ஸிஸ், 2013இல் அதில் உள்ள ஓட்டைகளைத் தாமே எழுதி ஒப்புக்கொண்டார். ஒரு வசனம் பல காலத்துக்கும் பல பொருள் தரலாம், ஒரு கோட்பாட்டோடு அதைக் கட்டிப்போடக் கூடாது என்ற நிலைக்கு வந்தார். மேடையில் கைதட்டல் வாங்கிய ஒருவர் அப்படி எழுத மனத்திடம் வேண்டும்.

வேறொரு வழியும் நம் கண்முன்னே இருந்தது. 1979இல் நோபல் பரிசு பெற்ற பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் ஸலாம், ஸ்டாக்ஹோம் விருந்தில் பேசும்போது முல்க் சூராவின் வசனங்களை எடுத்துக்காட்டினார். படைப்பில் பிசகு ஏதும் காண்கிறாயா, மறுபடியும் பார், பார்வை களைத்துத் திரும்பும் என்று அழைக்கும் வசனங்கள். இயற்பியலாளர்கள் எல்லாருடைய நம்பிக்கையும் இதுதான் என்றார். மின்காந்த விசையையும் மென்விசையையும் இணைக்கும் தம்முடைய கோட்பாடு அந்த சூராவில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பார் என்ற கட்டளையைக் கேட்டார், பார்த்தார். பலர் முஸ்லிம்களாக ஏற்காத அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர் என்பதால், அவருடைய கல்லறைக் கல்லில் இருந்த முஸ்லிம் என்ற சொல்லை அவர் நாட்டில் அழித்துவிட்டார்கள். ஆனால் அவருடைய கண்டுபிடிப்பு மட்டும் முஸ்லிம்களின் பெருமைப் பட்டியலில் இடம்பெறுகிறது. இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் ஊரிலும் அந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. திருச்சியில் ஜமால் முஹம்மத் கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் 1951இல் தொடங்கின. தேனாம்பேட்டையில் பெண்களுக்கான எஸ்.ஐ.ஈ.டி. கல்லூரி 1955இல் வந்தது. தோல் வியாபாரத்திலும் வணிகத்திலும் சேர்த்த பணத்தைச் சமுதாயப் பெரியவர்கள் இயற்பியலுக்கும் விலங்கியலுக்கும் கட்டடமாகக் கட்டிக்கொடுத்தார்கள். என் மகள் விலங்கியல் படித்தாள். கோழிக்கரு வளரும் படிகளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்த அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு அத்தாவின் பழைய குர்ஆனை எடுத்து அந்த இரத்தக்கட்டி வசனத்தைப் படித்தாள். இது தப்பா அத்தா என்று என்னிடம் கேட்டாள். தப்பில்லைம்மா, மொழிபெயர்த்தவருக்கு அன்றைக்குத் தெரிந்தது அது என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். முப்பத்துமூன்று மணி நேரக் கருவில் இதயம் துடிக்கத் தொடங்கும் முன்னால் அது எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டுவிட்டு, பென்சிலால் வரைந்து காட்டினாள்.

2027 ஆகஸ்ட் 2 அன்று முழுச் சூரிய கிரகணம். நிழல் அட்லாண்டிக் கடலில் தொடங்கி, தெற்கு ஸ்பெயினையும் வட ஆப்பிரிக்காவையும் தாண்டி, எகிப்தின் லக்ஸர் வழியாகச் செங்கடலைக் கடந்து, மக்காவின் மேல் விழும். பகல் தொழுகை நேரத்தை ஒட்டி, ஐந்து நிமிடம் அளவுக்கு மக்காவின் பள்ளிவாசலான ஹரமில் இருட்டும். மதீனாவில், இப்ராஹீம் இறந்த அன்றைக்குப் போலவே, சூரியனின் பெரும்பகுதி மறையும். எந்த நிமிடத்தில் என்பது இப்போதே அச்சாகிவிட்டது. முடிந்தால் உம்ராவுக்கு அப்போது போகவேண்டும் என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிரகணக் கண்ணாடி இரண்டு வாங்கி, தொழுகை விரிப்போடு சேர்த்துப் பீரோவில் வைத்திருக்கிறாள்.